அபீஸ் என்றால் அபீஸ்தான்

அத்தியாயம் 14

ராயபுரத்தில் கஸ்பார் வீட்டில் மூன்று பேர் ஒரே அறையில் இருந்தாலும் பேச்சு மட்டும் சுற்று வழியில்தான் போகும். தொடர்ந்து படிப்பவர்களுக்கு இது பழகிப்போன சங்கதி. இந்த வாரம்தான் பக்கத்தைப் புரட்டியவர்கள் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள், சொல்லிவிடுகிறேன்.

கஸ்பாரின் ஒரே மகள் ஆன்சிக்கு, கூடைப்பந்து நன்றாக ஆடியதால் ரயில்வேயில் வேலை கிடைத்தது. நிரந்தர வேலை. அதை ராஜினாமா செய்துவிட்டு அவள் ‘ஈஸ்ட்கோஸ்ட் ஈகிள்ஸ்’ என்ற தொழில்முறை அணியில் போய்ச் சேர்ந்தாள். அன்றைக்கு மகளிடம் வாயை மூடியவர்தான் கஸ்பார். தவக்காலத்துக்கு முன்னால் மூடிய வாய், ஈஸ்டர் வந்து கல்லறையே திறந்த பிறகும் திறக்கவில்லை.

சனிக்கிழமை காலையிலும் அதே கதைதான்.

“சிலுவ, உன் பொண்ணு நாஸ்டா துன்னுச்சா, கேளு.”

உன் பொண்ணு என்பவள் அவருக்கு எதிரிலேயே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் உட்கார்ந்து வலது கணுக்காலில் பட்டை சுற்றிக்கொண்டிருந்தாள்.

“அதான் எதிர்லயே குந்திகினு கீதே. நீயே கேட்டா இன்னா, வாய் தேஞ்சா பூடும்?” என்றாள் அவர் மனைவி சிலுவையம்மாள். கல்மண்டபம் மார்க்கெட்டில் மீன் விற்கிற குரல். வீட்டுக்குள் அடங்காது.

“நான் உன்னைத்தான் கேட்டேன்.”

“ரெண்டு இட்லி துன்னேன்னு சொல்லும்மா” என்றாள் ஆன்சி, பட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“ரெண்டு இட்லி துன்னாளாம்.”

“ஆட்டத்துக்கு ரெண்டு இட்லி பத்துமான்னு கேளு.”

“நிறைய துன்னா ஓட முடியாதுன்னு சொல்லும்மா.”

சிலுவையம்மாள் கரண்டியைப் போட்ட வேகத்தில் அடுப்புமேடையே அதிர்ந்தது. “இன்னியோட எனக்கு இந்த உத்தியோகம் வேணாம். உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல பூந்து பூந்து எனக்குத்தான் பேஜாராயிடுச்சு.”

ஆன்சிக்குச் சிரிப்பு வந்தது. அப்பா திட்டியிருந்தால் திருப்பித் திட்டி அன்றைக்கே முடித்திருப்பாள். பேசாமல் இருப்பவரிடம் எதை வைத்துச் சண்டை போடுவது?

அன்றைக்குச் சாயங்காலம் துறைமுகத் தொழிலாளர் சங்கத்து மைதானத்தில் ஆட்டம். ஈகிள்ஸ் அணியும் ரயில்வே அணியும் மோதுகின்றன. அதாவது ஆன்சியின் புது வீடும் பழைய வீடும்.

இந்த ஆட்டத்தை ராயபுரத்துக்குக் கொண்டுவந்ததே ஆன்சிதான். ஊரில் இருக்கிற காலங்களில் தினமும் விடியற்காலையில் அந்த மைதானத்தில் அக்கம்பக்கத்துப் பெண்பிள்ளைகளைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்து வந்தாள். பிள்ளைகள் நன்றாகத்தான் ஆடினார்கள். ஆனால் ஒருத்தி வயசுக்கு வந்ததும், “அரை நிஜாரைப் போட்டுகினு இன்னா ஆட்டம்?” என்று அம்மாக்காரி வந்து கையைப் பிடித்து இழுத்துப் போய்விடுவாள். பெண்கள் இதையே தொழிலாக ஆடுவதை இந்தத் தெருக்காரர்கள் ஒரு தடவை கண்ணால் பார்க்கட்டும் என்று ஆன்சி தன் அணியிடம் கெஞ்சினாள். அணியும் சரி என்றது.

அங்கேதான் வினை. பயிற்சியாளர் பவானி போன வாரம் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது இது.

“மேனேஜ்மென்ட் ஆளுங்களும் அன்னிக்கு வர்றாங்க ஆன்சி. அடுத்த சீசனுக்கு ரெண்டு பாயின்ட் கார்ட்ல ஒருத்தரைத்தான் வெச்சுக்கறாங்களாம். நீ கால் அடிபட்டு பாதி சீசன் வெளியில உக்காந்திருந்தே. உன் ஆட்டத்தை அவங்க சரியா பார்த்ததே இல்ல. சனிக்கிழமை பார்த்துட்டு முடிவு சொல்றாங்களாம்.”

பாயின்ட் கார்ட் என்றால் பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவள்; அணியில் ஆன்சியும் இன்னொருத்தியும். ஆக, இன்றைக்கு ஆட்டம் கவிழ்ந்தால் ஆன்சிக்கு அணியும் இல்லை, விட்டுவந்த வேலையும் இல்லை. அப்பாவுக்கு இதெல்லாம் தெரியும். அம்மா வழியாகத்தான்.

மாலையில் மைதானத்துக்குள் நுழைந்தபோது ஆன்சிக்கே நம்ப முடியவில்லை. சிமென்ட் காலரி நிரம்பி, மதில் மேல் ஆள், பக்கத்து மொட்டை மாடிகளில் ஆள். கஸ்பாரோடு துறைமுகத்தில் வேலை பார்க்கிற கும்பல் மொத்தமும் பீம்ராவ் தலைமையில் நடுவில் இடம் பிடித்திருந்தது. மீன் மார்க்கெட் பெண்கள் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் ஆன்சியின் விடியற்காலைப் பிள்ளைகள், ஆளுக்கொரு நிறச் சட்டையில்.

கஸ்பாரும் வந்திருந்தார். “சங்கத்துல தண்ணி கேன் பாத்துக்கச் சொன்னாங்க, அதான்” என்று கேட்காதவர்களிடம்கூடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எதிரணித் தலைவி ராமசெல்வி ஓடிவந்து ஆன்சியைக் கட்டிக்கொண்டாள். ரயில்வேயில் இருந்த நாளில் விடுதியில் இருவருக்கும் ஒரே அறை. “இன்னிக்கு உன்னை விடமாட்டேன்டி” என்றாள் சிரித்துக்கொண்டே. ஆனால் அவள் கண் சிரிக்கவில்லை. ஆன்சி அப்போது அதைக் கவனிக்கவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் ஆட்டத்தைத் தொடங்க முடியாது.

கஸ்பார் துறைமுகத்தில் சிக்னல்மேன். கப்பலின் விளிம்பில் நின்று கிரேனுக்குக் கை காட்டுகிற வேலை. மேலே உட்கார்ந்து கிரேன் ஓட்டுகிறவருக்குக் கப்பலின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. சிக்னல்மேன் வாயும் கையும்தான் அவருக்குக் கண். “அபீஸ்” என்றால் தூக்கு. “ஆரியா” என்றால் இறக்கு. எந்தக் காலத்தில் எந்த நாட்டு மாலுமி விட்டுப்போன வார்த்தைகளோ, துறைமுகத்தில் அவை இன்றைக்கும் ஓடுகின்றன.

ஆன்சி பிறந்ததிலிருந்து கேட்ட வார்த்தைகள். அவற்றையே அவள் தன் அணிக்குக் கற்றுக்கொடுத்திருந்தாள். அவள் “அபீஸ்” என்று கத்தினால் பந்து தலைக்கு மேலே பறந்து, கூடைக்குப் பக்கத்தில் நிற்கும் லுப்னாவின் கைக்குப் போகும். லுப்னா ஆம்பூர்ப் பெண், அணியிலேயே உயரம். “ஆரியா” என்றால் பந்து தரையில் மோதி, எதிராளியின் கைக்குக் கீழே புகுந்து போகும். புனேயில் ஆடினார்கள், கொச்சியில் ஆடினார்கள், லூதியானாவில் ஆடினார்கள். ஒருத்தருக்கும் புரியவில்லை.

உலகத்தில் ஒரே ஒரு ஊரில்தான் அந்த ரகசியம் எல்லோருக்கும் தெரியும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. ஆன்சியே யோசிக்கவில்லை, அதுதான் வேடிக்கை!

விசில் ஊதியது. ஆன்சி பந்தைத் தட்டிக்கொண்டே நடுக்கோட்டைத் தாண்டினாள். கூட்டத்தின் இரைச்சலுக்கு மேலே கேட்க வேண்டுமே என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

“அபீஸ்!”

துறைமுகத்துக் கும்பலுக்கு ஒரு கணம் ஒன்றும் ஓடவில்லை. பிறகு பீம்ராவ் எழுந்தார். “டேய், நம்ம வார்த்தைடா! நம்ம பொண்ணு நம்ம வார்த்தையைச் சொல்லுதுடா!”

அவ்வளவுதான். அடுத்த முறை ஆன்சி “அபீஸ்” என்றதும் காலரி மொத்தமும் “அபீஸ்!” என்று முழங்கியது. அத்தனை பேரின் வலது கையும் மேலே போய் விரல் சுழன்றது. கிரேனுக்குத் தூக்கச் சொல்கிற சைகை. அவள் “ஆரியா” என்றபோது அத்தனை கையும் கீழே இறங்கி உள்ளங்கை தரையைப் பார்த்தது. மீன் மார்க்கெட் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். முன்வரிசைப் பிள்ளைகள் குதித்துக் குதித்துக் காட்டினார்கள். கஸ்பாரின் கைகூட அவருக்குத் தெரியாமல் தண்ணி கேன் மேலிருந்து எழும்பி எழும்பி இறங்கியது.

பாசம் பொங்கித்தான் செய்தார்கள், பாவம். ஆனால் ரயில்வே அணிக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? அவர்களுக்கு ஆரியாவும் தெரியாது, அபீஸும் தெரியாது. தெரியத் தேவையும் இல்லை. காலரியைப் பார்த்தால் போதும். கை மேலே போனால் லுப்னாவை மறித்துக்கொண்டு எகிறினார்கள். கை கீழே போனால் குனிந்து பந்தைப் பறித்தார்கள். முதலில் கண்டுபிடித்தவள் ராமசெல்விதான்.

இடைவேளையில் ஈகிள்ஸ் ஒன்பது புள்ளி பின்தங்கி இருந்தது. கறுப்புக் கண்ணாடி போட்ட மேனேஜ்மென்ட் ஆட்கள் இருவரும் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

“யாரு அவங்களுக்கு நம்ம ரகசிய வார்த்தையைச் சொன்னது?” பவானி கொதித்தாள்.

“யாரும் சொல்லல மேடம்” என்றாள் ஆன்சி. மூச்சு வாங்கியது. “எங்க ஊருக்கே தெரியும். நான்தான் மக்கு மாதிரி யோசிக்காம வுட்டுட்டேன்.”

“சரி, இதுல என்ன இருக்கு? மாத்திடு. நீ அபீஸ்னு கத்து, கீழ போடு. ஆரியான்னு கத்து, மேல போடு. அவங்க காலரியைப் பார்த்து ஏமாறட்டும்.”

லுப்னா உடனே தலையை ஆட்டினாள். சுலபமான வழிதான். ஆன்சி மட்டும் தலையை ஆட்டவில்லை.

அவளுக்கு ஏழு வயதிருக்கும்போது ஒருநாள் வாளியில் கயிறு கட்டித் தெருப்பிள்ளைகளோடு கப்பல் விளையாட்டு விளையாடினாள். வேண்டுமென்றே மாற்றிச் சொன்னாள். அபீஸ் என்று சொல்லிவிட்டு வாளியை இறக்கினாள். எல்லோரும் சிரித்தார்கள். வேலை முடிந்து வந்துகொண்டிருந்த கஸ்பார் அதைப் பார்த்தார். வாழ்நாளில் அவர் மகளை அடித்தது அந்த ஒரு தடவைதான்.

“அந்த ரெண்டு வார்த்தைல மட்டும் வெளாட்டு வெச்சுக்காத. மாத்திச் சொன்னா கீழ கீறவன் காலி.”

பீம்ராவின் இடது பாதம் பாதிதான் இருக்கிறது. யாரோ ஒருத்தர் ஒரு தடவை வார்த்தையை மாற்றிச் சொன்னதால்.

அந்த பீம்ராவ் காலரியின் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். அவர் முன்னால் அந்த வார்த்தையை வைத்துப் பொய் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஆட்டம் போகும், அணி போகும். இப்படி ஒரு இக்கட்டு வேறு எந்த ஊர் ஆட்டக்காரிக்கும் வந்திருக்காது.

ஆன்சி காலரியை நோக்கி நடந்தாள். அம்மாவுக்கு எதிரில் போய் நின்றாள். பக்கத்தில் கஸ்பார் தண்ணி கேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, உன் வூட்டுக்காரர்கிட்ட கேளு. இன்னிக்கு ஒரு தபா மட்டும் வார்த்தையை மாத்திச் சொல்லிக்கட்டுமான்னு.”

சிலுவையம்மாள் வாயைத் திறக்கும் முன்பே பதில் வந்தது. “கூடாதுன்னு சொல்லு. அபீஸ்னா அபீஸ்தான்.”

“அப்போ தோத்துட்டு வூட்டுக்கு வர்றேன்னு சொல்லும்மா. வேலையும் இல்லாம, டீமும் இல்லாம வந்து மூலைல குந்திக்கிறேன். அதானே அவருக்கு வேணும்?” ஆன்சியின் குரல் உடைந்தது.

“நான் இன்னா உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல போன் ஒயரா?” சிலுவையம்மாள் வெடித்தாள். “யோவ், அது அழுவுதுய்யா. உன் கண்ணு இன்னா அவிஞ்சா கீது?”

கஸ்பார் எழுந்தார். இரண்டு பேரையும் பார்க்காமல் படியில் இறங்கினார். வெளியே போகிறார் என்றுதான் ஆன்சி நினைத்தாள். போகட்டும், அதையும் இன்றைக்கே பார்த்துவிடலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

கஸ்பார் வெளியே போகவில்லை. காலரிக்கு முன்னால் போய் நின்று கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினார். எல்லாவற்றையும் நிறுத்து என்று அர்த்தம். துறைமுகத்துக் கும்பல் பேச்சை நிறுத்தியது. அவர்கள் நிறுத்தியதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்களும் நிறுத்தினார்கள்.

“இன்னா கஸ்பாரு?” என்றார் பீம்ராவ்.

“மாமு, சரக்கு தொங்கினு கீறப்போ எத்தினி பேர் கை காட்டணும்?”

“ஒருத்தன்தான். சிக்னல்மேன்.”

“பத்து பேர் காட்டினா?”

“ஆளு காலி.”

“இங்க எத்தினி பேர் காட்டினு கீறீங்க? அந்தப் பொண்ணு பந்தைத் தூக்கறதுக்கு முன்னாடி நீங்க அத்தினி பேரும் கையைத் தூக்கி எதிராளிக்கு எழுதிக் குடுத்துட்டீங்க. இனிமே ஒருத்தர் கையும் எழும்பக் கூடாது. சத்தமும் வரக் கூடாது. கையைக் கட்டுங்க.”

‘அந்தப் பொண்ணு’ என்றுதான் சொன்னார். ‘என் பொண்ணு’ என்று சொல்ல வாய் வரவில்லை மனிதருக்கு. ஆனாலும் ஆன்சி அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பீம்ராவ் முதலில் கையைக் கட்டினார். அடுத்த நிமிடம் காலரி மொத்தமும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கஸ்பார் திரும்பப் போய் உட்காரவில்லை, எல்லைக்கோட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார்.

இடைவேளை முடிந்து, நான்கு பகுதி ஆட்டத்தின் மூன்றாவது பகுதி தொடங்கியது. ராயபுரத்தில் இப்படி ஒரு ஆட்டம் அதற்கு முன்னால் நடந்திருக்காது. பெரிய வெள்ளிக்கிழமை வழிபாட்டில்கூட யாராவது இருமுவார்கள். இங்கே பந்து தரையில் மோதுகிற சத்தமும் காலணி உரசுகிற சத்தமும்தான். சத்தம் இல்லாததால் ஆன்சிக்குக் கத்த வேண்டிய அவசியமும் இல்லாமல் போனது. பந்தைத் தட்டிக்கொண்டே பக்கத்தில் ஓடும் லுப்னாவிடம், சாப்பிடும்போது உப்பு கேட்பது மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

“ஆரியா.”

பந்து தரையைத் தொட்டு, இரண்டு பேர் கைக்குக் கீழே புகுந்து, லுப்னாவிடம் போய்க் கூடைக்குள் விழுந்தது.

ரயில்வேப் பெண்கள் பழக்கத்தில் காலரியைப் பார்த்தார்கள். காலரி கையைக் கட்டிக்கொண்டு அவர்களைப் பார்த்தது.

அதன்பிறகு ஆன்சியைப் பிடிக்க முடியவில்லை. கணுக்கால் வலித்தது. வலிக்கட்டும் என்று ஓடினாள். ஒன்பது ஆறானது, ஆறு மூன்றானது. ஒவ்வொரு கூடைக்கும் காலரி உள்ளுக்குள்ளேயே பொங்கியது. சிலுவையம்மாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருந்தாள். அந்தக் குரலை அடக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். மேனேஜ்மென்ட் ஆட்களின் கைப்பேசி எப்போதோ பைக்குள் போயிருந்தது.

கடைசி நொடிகள். ஈகிள்ஸ் ஒரே ஒரு புள்ளி பின்னால். பந்து ஆன்சியின் கையில்.

ராமசெல்வியும் இன்னொருத்தியும் சேர்ந்து அவளை மைதானத்தின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய் மடக்கினார்கள். நான்கு கைகள் அவள் முகத்துக்கு முன்னால் மதிலாக எழும்பின. லுப்னா எங்கே? வலது பக்கமா, இடது பக்கமா? வந்துவிட்டாளா? ஒன்றும் தெரியவில்லை. முன்னால் கைகள், முதுகுக்குப் பின்னால் எல்லைக்கோடு. நேரம் ஓடுகிறது.

அப்போது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

“ஆரியா!”

ஆன்சி யோசிக்கவில்லை. யார், ஏன், எதற்கு என்று எதுவும் தோன்றவில்லை. அந்தக் குரல் அந்த வார்த்தையைச் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று உடம்புக்குத் தெரியும். குனிந்தாள். எதிரில் இருந்தவர்களின் கால்களுக்கு நடுவே பந்தைத் தரையில் அடித்து அனுப்பினாள். ராமசெல்வி காதில் வாங்கி, புரிந்து, குனிவதற்குள் பந்து அந்தப் பக்கம் போய்விட்டது. அங்கே லுப்னா இருந்தாள். ஒரே எட்டில் எகிறிக் கூடையில் போட்டாள்.

விசில்.

காலரி இன்னும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவ்வளவு கட்டுப்பாடு! கஸ்பார் திரும்பிப் பார்த்து, “இன்னும் இன்னா பாத்துகினு கீறீங்க? அவுத்து வுடுங்கடா!” என்று கத்திய பிறகுதான் ராயபுரம் வாயைத் திறந்தது. சிலுவையம்மாளின் குரல் தனியாகக் கேட்டது என்று பின்னால் பலர் சொன்னார்கள். மொட்டை மாடிகளில் தட்டு தட்டினார்கள். முன்வரிசைப் பிள்ளைகள் கோட்டைத் தாண்டி ஓடிவந்து ஆன்சியின் மேல் விழுந்தார்கள்.

வெளியிலிருந்து குரல் கொடுப்பது ஆட்ட விதியில் சரியா என்று என்னைக் கேட்டு எழுதாதீர்கள். காலரியிலிருந்து கத்தாத ஊர் எது? நடுவருக்கும் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை, நமக்கென்ன?

பிள்ளைகளின் கையிலிருந்து விடுபட்டு ஆன்சி நொண்டிக்கொண்டே அப்பாவிடம் வந்தாள். முகம் முழுக்க வேர்வையும் கண்ணீருமாக இருந்தது.

“நைனா, நீ என்கூடப் பேசிட்டே.”

“எங்க பேசினேன்? சிக்னல் குடுத்தேன்.”

“நீ பேசிட்டே நைனா.”

கஸ்பார் மைதானத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், தண்ணி கேனைப் பார்த்தார். பார்ப்பதற்கு வேறு எதுவும் மிச்சம் இல்லாமல் மகளைப் பார்த்தார்.

“கால் வலிக்குதாம்மா?”

“வலிக்குது.”

“வூட்டுக்குப் போனதும் மொதல்ல ஐஸ் வெய்யி. அம்மாவோட மீன் பொட்டில கீது.”

இத்தனை நாளாக இந்த வீட்டின் தபால்காரியாக இருந்த சிலுவையம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவளைப் பார்க்க எனக்கே சந்தோஷமாக இருக்கிறது.

பவானி வேகமாக வந்தாள். “ஆன்சி, முடிவு சொல்லிட்டாங்க. நீதான். ரெண்டு சீசனுக்கு.” பிறகு கஸ்பாரைப் பார்த்து, “சார்தான் அப்பாவா? உங்களையும் சேர்த்து எடுத்துக்கலாமான்னு யோசிக்கறேன்” என்றாள்.

“ரெண்டு சீசன்னா?” என்றார் கஸ்பார். “பர்மனென்ட் இல்லியா?”

ஆன்சி சட்டென்று அப்பாவைப் பார்த்தாள். திரும்பவும் ஆரம்பிக்கப் போகிறாரா?

“இல்ல சார். எங்க தொழில்ல பர்மனென்ட் கிடையாது. ரெண்டு வருஷம். நல்லா ஆடினா மேல நீட்டுவாங்க.”

கஸ்பார் தாடையைத் தடவிக்கொண்டார். “நான் ஹார்பர்ல சேர்ந்தப்போ எனக்கு ஒரு நாளைக்குத்தான் வேலை குடுத்தாங்க. மறுநாள் வாசல் கேட்டாண்ட போய் நின்னா கூப்டா உண்டு, கூப்டலைன்னா இல்ல. ரெண்டு வருஷமெல்லாம் எனக்கு யாரும் மொத்தமா குடுக்கல.” மகளின் தலையில் கையை வைத்தார். “பரவால்ல. போய் ஆடு.”

இதற்குள் அவர்களைச் சுற்றி இன்னொரு கூட்டம் சேர்ந்திருந்தது. அரை நிஜார் என்று முகத்தைச் சுளித்த அதே அம்மாக்கள், ஆளுக்கொரு பெண்பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். “ஆன்சிம்மா, காலைல எத்தினி மணிக்கு அனுப்பணும்?” என்றாள் ஒருத்தி. போன மாதம்தான் தன் மகளை மைதானத்திலிருந்து இழுத்துக்கொண்டு போனவள். ஆன்சி அதை ஞாபகப்படுத்தவில்லை. “நாளைலேர்ந்தே அனுப்புக்கா” என்று அந்தப் பெண்ணின் கன்னத்தைக் கிள்ளினாள்.

கூட்டம் கலைந்த பிறகு ராமசெல்வி வந்தாள். ஆன்சியிடம் வருகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் நேராகக் கஸ்பார் எதிரில் போய் நின்றாள்.

“அங்கிள், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நானும் வேலையை விடப்போறேன். புனே டீம்லேர்ந்து கூப்பிட்டிருக்காங்க.”

ஆன்சிக்கே இது புதிது. “என்னடி சொல்றே?” என்றாள்.

“அப்பாவுக்குத் தெரியாது. மாப்பிள்ளை வீட்டுல ரயில்வே வேலைன்னு சொல்லித்தான் நிச்சயமே பண்ணியிருக்காங்க.” ராமசெல்வி ஆன்சியைப் பார்க்கவில்லை. “நீங்க இவகிட்ட இத்தனை நாள் பேசாம இருந்தது எனக்குத் தெரியும் அங்கிள். தினமும் போன்ல அழுவா. எங்கப்பாவும் அப்படிப் பேசாம இருந்துட்டா நான் என்ன பண்ணுவேன்? அதை நினைச்சுத்தான் பயமா இருக்கு.”

கஸ்பாருக்கு முகம் இறுகிப்போனது. மகள் தினமும் போனில் அழுதது அவருக்குத் தெரியாது. அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. கேட்கிற இடத்தில் அவரும் இல்லை.

“என்கிட்ட ஏம்மா சொல்றே?” என்று அவர் கேட்டு முடிக்கவில்லை, வாசல் பக்கமிருந்து சுயம்பு வந்துகொண்டிருந்தார். ராமசெல்வியின் அப்பா. யானைக்கவுனியில் மிளகாய் மண்டி. வெள்ளைச் சட்டையும் நெற்றி நிறைய விபூதியுமாக, தோற்ற அணித் தலைவியின் அப்பா மாதிரியே இல்லை. முகமெல்லாம் சிரிப்பு.

“என்ன கஸ்பார் அண்ணே, மவ ஜெயிச்சுட்டாளே, சந்தோசம்! எம்மவ தோத்தா தோத்துட்டுப் போறா, அதுல என்ன? அவளுக்குக் கையில ரயில்வே இருக்குல்லா. உங்க பிள்ளை மாதிரி கெடச்ச வேலையை உதறிட்டு அலையல. அந்த ஒரு நிம்மதி போதும் எனக்கு.”

காலையில் யாராவது இதைச் சொல்லியிருந்தால் கஸ்பார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, சரியாகச் சொன்னீர்கள் என்றிருப்பார். இப்போது ஆன்சி, சிலுவையம்மாள், ராமசெல்வி மூன்று பேரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

கஸ்பார் பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, துண்டால் துடைத்து, சுயம்புவின் முன்னால் போட்டார்.

“குந்துங்க அண்ணாச்சி. உங்க பொண்ணு உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம். கேட்டுட்டுத் திட்டணும்னா நல்லா திட்டிக்குங்க. பேசாம மட்டும் இருந்துடாதீங்க. திரும்பப் பேச ஆரம்பிக்கறது ரொம்ப கஷ்டம் அண்ணாச்சி, வழியே தெரியாது.”

சுயம்புவின் சிரிப்பு இன்னும் முகத்திலேயே இருந்தது. புரியாமல் மகளைப் பார்த்தபடி உட்கார்ந்தார். ராமசெல்வி அவருக்கு எதிரில் வந்து நின்று, “அப்பா” என்றாள்.